நவம்பரிலேயே விண்ணப்பித்தால் ஹார்வர்டு சீட் ஈஸியா? 'ஏர்லி அட்மிஷன்' கணக்கும் அதற்குள் இருக்கும் விலையும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2024-ம் ஆண்டு சேர்வதற்காக உலகம் முழுவதிலும் இருந்து விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தது 1,937 பேருக்கு. 100 பேரில் நான்கு பேருக்குக்கூட இல்லை. கணக்காகச் சொன்னால் 3.59 சதவீதம்.

அதே ஆண்டு, அதே ஹார்வர்டில், நவம்பர் மாதமே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டவர்கள் 7,921 பேர். அவர்களில் 692 பேருக்கு டிசம்பரிலேயே சீட் உறுதியாகிவிட்டது. இது 8.74 சதவீதம். மீதி இருந்த 1,245 இடங்களுக்கு, ஜனவரியில் விண்ணப்பித்த 46,000-த்துச் சொச்சம் பேரும், டிசம்பரில் முடிவு சொல்லப்படாமல் தள்ளிவைக்கப்பட்டவர்களும் சேர்ந்து மோதினார்கள். அங்கே விகிதம் 3 சதவீதத்துக்கும் கீழே.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த அப்பா, அம்மாவுக்கும் தோன்றுவது ஒன்றுதான்: "அப்போ சீக்கிரமே போட்டுடலாமே?" வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்கள் பலர் கொடுக்கும் முதல் அட்வைஸும் அதுதான். அது முழுப் பொய் இல்லை. ஆனால், சீக்கிரம் விண்ணப்பிப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை எந்தக் குடும்பத்தால் கொடுக்க முடியும், எந்தக் குடும்பத்தால் முடியாது என்பதை யாரும் முதல் மீட்டிங்கில் சொல்வதில்லை.

ஒரே 'ஏர்லி', மூன்று விதமான விதி

நம்மூர் இன்ஜினீயரிங் கவுன்சிலிங் சிம்பிள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கு கட்-ஆஃப். அதை வைத்து ரேங்க். ரேங்க் வரிசைப்படி சீட். முதல் நாள் விண்ணப்பித்தாலும் கடைசி நாள் விண்ணப்பித்தாலும் கட்-ஆஃப் மாறப்போவதில்லை.

அமெரிக்காவின் முன்னணி தனியார் பல்கலைக்கழகங்களில் அப்படியொரு ரேங்க் பட்டியலே கிடையாது. மதிப்பெண், எஸ்.ஏ.டி. ஸ்கோர், மாணவர் எழுதிய கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், வகுப்புக்கு வெளியே என்ன செய்தார் என எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவெடுக்கும். வழக்கமான விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி ஜனவரி தொடக்கம். முடிவு மார்ச் கடைசி. இதற்கு முன்பாகவே, நவம்பர் 1-ம் தேதியையொட்டி விண்ணப்பித்து, டிசம்பர் நடுவில் முடிவைத் தெரிந்துகொள்ளும் வழிக்குத்தான் பொதுவாக 'ஏர்லி' என்று பெயர்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் 'ஏர்லி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விதிகள் இருக்கின்றன.

முதலாவது, ஏர்லி டிசிஷன். சுருக்கமாக இ.டி. (அமலாக்கத் துறை ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை, வீட்டில் கிளப்பும் பதற்றம் கிட்டத்தட்ட அதே லெவல்தான்.) ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே இப்படி விண்ணப்பிக்கலாம். சீட் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளியின் கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சீட் கிடைத்துவிட்டால் மற்ற இடங்களுக்குப் போட்ட விண்ணப்பங்களையெல்லாம் வாபஸ் வாங்கிவிட வேண்டும். பிரவுன், டார்ட்மவுத், டியூக், கார்னெல், கொலம்பியா, பென்சில்வேனியா எல்லாம் இந்த வகை. சில கல்லூரிகளில் ஜனவரியில் இரண்டாவது இ.டி. ரவுண்டும் உண்டு, அதன் முடிவு பிப்ரவரி நடுவில் வரும்.

இரண்டாவது, ஏர்லி ஆக்‌ஷன். முடிவு சீக்கிரம் தெரியும், ஆனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மே 1 வரை யோசித்து, மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லலாம். எம்.ஐ.டி. இந்த வகை.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நான்கும் இதைத்தான் பின்பற்றுகின்றன. கிடைத்தால் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அதே நேரத்தில் வேறு எந்த அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்துக்கும் ஏர்லியில் விண்ணப்பிக்கக் கூடாது. அமெரிக்க அரசுப் பல்கலைகளுக்கும், அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவற்றுக்கும் தடையில்லை. அதனால் அக்டோபர் 15-ம் தேதிக்குள் ஆக்ஸ்ஃபோர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ விண்ணப்பித்துவிட்டு, நவம்பர் 1-ல் ஹார்வர்டுக்கும் போடலாம். (ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் இளங்கலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அது பிரிட்டன் விதி.)

இ.டி. கையெழுத்து சட்டப்படி கட்டுப்படுத்துமா? மீறினால் பல்கலைக்கழகம் கேஸ் போடும் என்றெல்லாம் இல்லை. வாக்கு கொடுத்தாய், காப்பாற்று என்ற அளவில்தான் அது நிற்கிறது. ஆனால் மீறினால் அடி பள்ளிக்கு விழும். நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழகம், தன்னிடம் இ.டி.யில் சீட் வாங்கிய மாணவர் பின்வாங்கினார் என்பதற்காக, கொலராடோவில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் மாணவர்கள் யாரும் ஓராண்டுக்கு இ.டி.யில் விண்ணப்பிக்க முடியாது என்று 2025-ல் தடை போட்டது. ஒரு பையனோ பெண்ணோ செய்ததற்கு ஜூனியர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

பல்கலைக்கு இதில் என்ன லாபம்?

பிரவுன் பல்கலைக்கழகத்தின் கணக்கைப் பார்த்தால் எளிதாகப் புரியும். அங்கே முதலாமாண்டில் சேர்வது சுமார் 1,700 பேர். 2024 சேர்க்கைக்கு 48,881 பேர் விண்ணப்பித்தார்கள். 2,521 பேருக்கு சீட் கொடுத்தார்கள். 1,700 இடத்துக்கு ஏன் 2,500 பேர்? சீட் கிடைத்தவர்களில் பலர் ஹார்வர்டுக்கோ ஸ்டான்ஃபோர்டுக்கோ போய்விடுவார்கள் என்பதால்தான். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் இலை போடும் பிரச்னை மாதிரி. குறைவாக வந்தால் பட்ஜெட்டில் ஓட்டை. அதிகமாக வந்தால் ஹாஸ்டலில் இடமில்லை.

இ.டி.யில் அந்தத் தலைவலி இல்லை. அதே ஆண்டு பிரவுனில் 6,244 பேர் இ.டி.யில் விண்ணப்பித்து 898 பேருக்குக் கிடைத்தது. அந்த 898 பேரும் கிட்டத்தட்ட நிச்சயமாக வந்து சேர்வார்கள். ஆக, டிசம்பர் மாதமே பாதிக்கு மேற்பட்ட வகுப்பு நிரம்பிவிட்டது. மீதி சுமார் 800 இடங்களுக்காக ஜனவரியில் வரிசையில் நின்றவர்கள் 42,000-க்கும் அதிகம். இ.டி.யில் 14.4 சதவீதம், வழக்கமான சுற்றில் 3.8 சதவீதம் என்ற வித்தியாசம் இப்படித்தான் உருவாகிறது.

சீட் கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற விகிதம் பல்கலைகளுக்கு மானப் பிரச்னையும்கூட. 'யு.எஸ். நியூஸ்' தரவரிசைப் பட்டியல் ஒரு காலத்தில் இந்த விகிதத்துக்கும் மார்க் போட்டது. 2003-ல்தான் அதை நீக்கினார்கள். பட்டியலில் இருந்து போனாலும் பழக்கம் போகவில்லை.

சரி, சீக்கிரம் விண்ணப்பிப்பதால் நிஜமாகவே அட்வான்டேஜ் உண்டா? இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் பதில் தேடியவர்கள் கிறிஸ்டோபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற மூன்று பேர். 14 முன்னணிக் கல்லூரிகளுக்கு வந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அலசி 2003-ல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஒரே தரத்தில் உள்ள இரண்டு மாணவர்களில் ஏர்லியில் விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு, 1,600-க்கான எஸ்.ஏ.டி. தேர்வில் சுமார் 100 மதிப்பெண் அதிகம் வாங்கியதற்குச் சமம் என்று கண்டுபிடித்தார்கள். ஆய்வு பழையது, அதன்பிறகு போட்டி பல மடங்கு ஏறிவிட்டது. என்றாலும் அட்வான்டேஜ் வெறும் வதந்தி இல்லை என்பது அன்றே உறுதியானது.

அந்த 8.74 சதவீதத்துக்குள் யார் யார்?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏர்லியில் சீட் வாங்குபவர்களில் ஒரு பெரிய பகுதி, விண்ணப்பம் போடும் முன்பே பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

முதலில் விளையாட்டு வீரர்கள். அமெரிக்கப் பல்கலைகளில் ஒவ்வொரு அணியின் கோச்சும் தனக்கு வேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுத்து அட்மிஷன் அலுவலகத்திடம் பெயர் கொடுப்பார். அவர்களில் பெரும்பாலோர் ஏர்லியில்தான் வருவார்கள். ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் (2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே வழக்கு) வெளியான தரவுகளின்படி, இப்படி கோச் தேர்ந்தெடுத்த மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு சீட் கிடைத்திருக்கிறது. அடுத்து, அதே பல்கலையில் படித்தவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களின் பிள்ளைகள். இவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், யாரையும் தெரியாத ஒரு மாணவருக்கான விகிதம் அந்த 8.74-ஐ விட நிச்சயம் குறைவு. எவ்வளவு குறைவு என்று பல்கலைகள் சொல்வதில்லை.

அதிலும் சர்வதேச மாணவர்களுக்கான ஏர்லி விகிதத்தைத் தனியாக யாரும் பெரிதாக வெளியிடுவதில்லை. மதுரையில் இருந்தோ கோவையில் இருந்தோ விண்ணப்பிப்பவர் பார்க்கும் சதவீதம், பாஸ்டன் பக்கத்தில் படகு ஓட்டும் டீமில் இருப்பவரையும் சேர்த்துக் கணக்கிட்ட சதவீதம். 'ஏர்லியில் போட்டால் சான்ஸ் ரெண்டு மடங்கு' என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

போதாக்குறைக்கு, எண்களும் இப்போது மறைந்துகொண்டு வருகின்றன. ஸ்டான்ஃபோர்டு 2018-லேயே இவற்றை அறிவிப்பதை நிறுத்திக்கொண்டது. ஹார்வர்டும் டிசம்பர், மார்ச்சில் உடனுக்குடன் வெளியிடும் வழக்கத்தை 2024-ல் கைவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் உள்ள முழுக் கணக்குகள் 2024 சேர்க்கையோடு நிற்கின்றன.

பணம்: இங்கேதான் உண்மையான சிக்கல்

இந்தப் பல்கலைகளில் டியூஷன், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 முதல் 90,000 டாலர் வரை ஆகிறது. சில இடங்களில் அதற்கும் மேல். இந்திய மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 75 லட்சம். நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடி. இதை முழுசாகக் கட்டக்கூடிய குடும்பங்கள் சென்னையிலேயே எத்தனை இருக்கும்?

எனவே பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்குக் கேள்வி 'சீட் கிடைக்குமா' என்பதோடு முடியாது. 'எவ்வளவு உதவித்தொகையோடு கிடைக்கும்' என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். உதவித்தொகை விஷயத்தில் எல்லாப் பல்கலைகளும் ஒன்றல்ல.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா இல்லையா என்பதைப் பார்க்காமலேயே சேர்க்கை முடிவை எடுப்பார்கள். எடுத்த பிறகு, குடும்ப வருமானத்துக்கு ஏற்பத் தேவையான முழு உதவியையும் கொடுப்பார்கள். டார்ட்மவுத்தும் போடன் கல்லூரியும் 2022-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. பிரவுன் 2025 சேர்க்கையில் இருந்து சேர்ந்தது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், பென்சில்வேனியா, டியூக் போன்றவற்றில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், அது சேர்க்கை முடிவிலேயே ஒரு காரணியாக எடுத்துக்கொள்ளப்படும். வெளிநாட்டு மாணவர்களுக்கென ஒதுக்கிய பணம் அளவானது. அதற்குள் யாரை எடுப்பது என்ற கேள்வி வந்துவிடும்.

இப்போது ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். திருச்சியில் அம்மா பள்ளி ஆசிரியை, அப்பா சின்னதாக ஹார்டுவேர் கடை. இரண்டும் சேர்ந்து ஆண்டு வருமானம் 14 லட்சம். மகள் பிளஸ் டூ. நல்ல மார்க், நல்ல எஸ்.ஏ.டி. ஸ்கோர்.

அவள் யேலுக்கு ஏர்லியில் விண்ணப்பித்தால் பண விஷயத்தில் ரிஸ்க் ஏதும் இல்லை. உதவி கேட்பது அவளைப் பாதிக்காது. கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். வேறு இடத்தில் கிடைக்கும் உதவித்தொகையோடு ஒப்பிடலாம். எம்.ஐ.டி.யும் அப்படியே. (ஆனால் யேலின் விதிப்படி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஏர்லி போட முடியாது.) இங்கே சிக்கல் வேறு: நாட்டிலேயே கடுமையான போட்டி நடப்பது இந்த நான்கைந்து இடங்களில்தான்.

அவள் பிரவுனுக்கு இ.டி. போட்டால், உதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்காது. ஆனால் கிடைத்தால் அவர்கள் கொடுக்கும் உதவித்தொகைதான். அது குடும்பக் கணக்குக்குக் கட்டுமா என்று பார்க்க, பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறொரு கடிதம் கையில் இருக்காது.

இதுவே உதவி கேட்பதைக் கணக்கில் எடுக்கும் ஒரு பல்கலைக்கு இ.டி. போட்டால்? மூன்று கோடி ரூபாயில் பெரும்பகுதியைக் கேட்கும் விண்ணப்பம், கேட்காத விண்ணப்பத்தோடு மோதுகிறது. ஏர்லி கொடுக்கும் அட்வான்டேஜை உதவித்தொகை கோரிக்கை தின்றுவிடலாம்.

இ.டி.யில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கொடுக்கப்பட்ட உதவித்தொகை போதவில்லை, இதை வைத்துச் சேர முடியாது என்று குடும்பம் சொன்னால், மறுபரிசீலனை கேட்கலாம். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் ஒப்பந்தத்தில் இருந்து விடுவித்துவிடுவார்கள். யாரையும் கடனில் தள்ளிச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பேச்சுவார்த்தை நடப்பது டிசம்பர் கடைசியில். மற்ற கல்லூரிகளுக்கான கடைசித் தேதி ஜனவரி தொடக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூடிக்கிடக்கும் அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிட்டு, இன்னொரு பக்கம் பத்துக் கல்லூரிகளுக்குக் கட்டுரை எழுத வேண்டும்.

இன்னொரு கண்ணிவெடி, சீட் கிடைக்கட்டும் என்று உதவித்தொகையே கேட்காமல் விண்ணப்பிப்பது. 'முதல் வருஷம் எப்படியாவது கட்டிடலாம், உள்ள போனதும் கேட்டுக்கலாம்' என்று யோசிக்கும் குடும்பங்கள் நிறைய. பல பல்கலைகளில், விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் அதன்பின் நான்கு ஆண்டுகளும் கேட்க முடியாது. விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பல்கலையின் விதியைப் படித்தே ஆக வேண்டிய ஒரே ஒரு பக்கம் எது என்றால் இதுதான்.

எவ்வளவு உதவி கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட இணையதளங்களில் கால்குலேட்டர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடும்பங்களின் வரி முறையை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. ஃபார்ம் 16, வருமான வரி ரிட்டர்ன், வீட்டின் மதிப்பு, சேமிப்பு என எல்லாவற்றையும் நவம்பருக்குள்ளேயே தயாராக எடுத்து வைத்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அந்தப் பல்கலையின் உதவித்தொகை அலுவலகத்துக்கே மெயில் போட்டுக் கேட்பது மேல்.

முழுத் தொகையையும் கட்ட முடிந்தவருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அவர் ஒப்பிட வேண்டியதில்லை. அதனால் ஒப்பிடும் உரிமையை விட்டுக்கொடுப்பதில் அவருக்கு நஷ்டமும் இல்லை. இ.டி. யாருக்கு வசதி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கைவிட்டுப் பார்த்தார்கள், ஐந்தே வருடம்

இந்த அநியாயம் பல்கலைகளுக்குத் தெரியாமல் இல்லை. 2001-ல் யேலின் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் லெவின் இந்த முறையை வெளிப்படையாக விமர்சித்தார். அடுத்த ஆண்டே யேலும் ஸ்டான்ஃபோர்டும் கட்டாய இ.டி.யில் இருந்து வெளியே வந்தன.

2006 செப்டம்பரில் ஹார்வர்டு ஒருபடி மேலே போய் ஏர்லி முறையையே ரத்து செய்வதாக அறிவித்தது. ஏற்கெனவே வசதியாக இருப்பவர்களுக்கே இது மேலும் வசதி செய்துகொடுக்கிறது என்பது அப்போது இடைக்காலத் தலைவராக இருந்த டெரிக் போக்கின் வாதம். சில நாட்களிலேயே பிரின்ஸ்டனும், அடுத்து வர்ஜீனியா பல்கலையும் சேர்ந்துகொண்டன. மற்றவர்களும் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். யாரும் வரவில்லை. டிசம்பரிலேயே யேலிலும் ஸ்டான்ஃபோர்டிலும் சீட் உறுதியானவர்கள், ஏப்ரல் வரை ஹார்வர்டுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? 2011-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே நேரத்தில் ஏர்லிக்குத் திரும்பின.

இன்று காற்று எதிர்த் திசையில் அடிக்கிறது. அரசுப் பல்கலையான மிச்சிகன்கூட 2025-ல் இ.டி.யைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 30-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் மீது மாசசூசெட்ஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கும் பதிவானது. 'இ.டி. என்ற பெயரில் கல்லூரிகள் தங்களுக்குள் போட்டியைக் குறைத்துக்கொண்டு கட்டணத்தை ஏற்றுகின்றன' என்பது புகார். திருச்சி ஹார்டுவேர் கடைக்காரரின் பிரச்னைதான். அமெரிக்க வக்கீல் பாஷையில்.

அந்த ஆறு வாரம்

விண்ணப்பம் போட்டபின் டிசம்பர் நடு வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு மாணவருக்கு இந்தக் காலம் கூடுதல் நெருக்கடி. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31; அடுத்த நாள் டெட்லைன். முடிவு வரும் டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் ஜே.இ.இ. மெயின். அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கென முழுநேர கவுன்சிலர் இருப்பார். இங்கே பல பள்ளிகளில் பிரின்ஸிபாலோ வகுப்பு ஆசிரியரோதான் அந்தப் படிவங்களை நிரப்ப வேண்டும். இ.டி. ஒப்பந்தத்தில் அவர்கள் போடும் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று மாணவரே உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

முடிவு நாளின் நேரமும் விசித்திரமானது. பல பல்கலைகள் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 7 மணிக்கு வெளியிடுகின்றன. டிசம்பரில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அதாவது மார்கழி விடியற்காலை 5.30. போன் வராது, தபால் வராது. போர்ட்டலில் லாக்-இன் செய்து பார்க்க வேண்டும். யேலில் சீட் கிடைத்தால் திரை திறந்ததும் அந்தப் பல்கலையின் 'புல்டாக்' பாட்டு ஒலிக்கும். பாட்டு வரவில்லை என்றால் கடிதத்தைப் படிக்கும் முன்பே விஷயம் புரிந்துவிடும்.

'டெஃபர்' வந்தால் முடிந்ததா?

மூன்று பதில்கள் வரலாம். சேர்க்கப்பட்டீர்கள், நிராகரிக்கப்பட்டீர்கள், டெஃபர், அதாவது முடிவு தள்ளிவைக்கப்பட்டு வழக்கமான சுற்றில் மறுபடி படிக்கப்படும். நிராகரிப்பு வந்தால் அதே ஆண்டில் அந்தப் பல்கலைக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

டெஃபர் என்றதும் 'கிட்டத்தட்ட கிடைச்சிருச்சு' என்று சிலரும், 'நாசூக்கா வேண்டாம்னு சொல்லிட்டாங்க' என்று சிலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது எந்தப் பல்கலை என்பதைப் பொறுத்தது. 2024 சேர்க்கையில் ஹார்வர்டில் ஏர்லி விண்ணப்பதாரர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் டெஃபர் செய்யப்பட்டார்கள். பெரும்பான்மைக்குக் கிடைக்கும் பதில் என்பதால் அதில் நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு நேர்மாறு: முடிந்தவரை டிசம்பரிலேயே ஆம், இல்லை என்று சொல்லிவிடுவது அவர்கள் கொள்கை, டெஃபர் ஆவது சிலர்தான். அங்கே அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் எடை அதிகம்.

இ.டி.யில் டெஃபர் ஆனால் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 'கட்டாயம் சேர்வேன்' என்ற வாக்கு அதோடு ரத்து. மார்ச்சில் அங்கேயே கிடைத்தாலும் மற்ற இடங்களின் உதவித்தொகையோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். பணக் கணக்கில் பார்த்தால் திருச்சி மாணவிக்கு டிசம்பரில் கிடைப்பதைவிட மார்ச்சில் கிடைப்பது லாபமாகக்கூட இருக்கலாம்.

டெஃபர் ஆனவர் செய்யக்கூடியது அதிகமில்லை. இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள், நவம்பருக்குப் பிறகு நடந்தது ஏதாவது இருந்தால் மட்டும். பல்கலை அப்படி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அனுப்பக் கூடாது. பள்ளி அனுப்ப வேண்டியது அரையாண்டு மதிப்பெண் அறிக்கை. இதை நினைவுபடுத்தி அனுப்ப வைப்பது மாணவரின் வேலை. மற்ற கல்லூரிகளுக்கான விண்ணப்பங்களை டிசம்பர் முடிவுக்காகக் காத்திருக்காமல் நவம்பரிலேயே எழுதி வைத்தவர்களுக்கு அந்தக் கடைசி இரண்டு வாரம் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும்.

டிசம்பரில் சீட் உறுதியானவர்களுக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் பெரிதாகச் சரிந்தால் சேர்க்கையைத் திரும்பப் பெறும் உரிமை பல்கலைக்கு உண்டு. அடுத்து விசா. 2025 மே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் மறுநாளே அதற்குத் தடை விதித்தது. அதே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் தேதிகள் உலகம் முழுக்க நிறுத்தப்பட்டு, ஜூனில்தான் மீண்டும் தொடங்கின. இ.டி.யில் சீட் வாங்கி, லண்டன், சிங்கப்பூர் விண்ணப்பங்களையெல்லாம் டிசம்பரிலேயே வாபஸ் வாங்கியிருந்த மாணவர்களுக்கு அந்த வாரங்களில் கையில் இருந்தது அந்த ஒரு கடிதம் மட்டும்தான். பிளஸ் டூ மார்க்கை வைத்து இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கும் ஒரு விண்ணப்பத்தைப் போட்டு வைத்திருந்த குடும்பங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தன.